படத்தில் விழாத சுவர்

இப்போதெல்லாம் யாரும் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை. தட்டில் சோற்றைப் போட்டால் முதலில் அதைப் படம் பிடிக்கிறான், ஆறிப்போன பிறகு தின்கிறான். ஒரகடம் கூட்டுரோட்டில் போன மாதம் ஒருத்தன் வண்டியோடு சறுக்கி விழுந்தான். தூக்க ஓடியது நானும் டீக்கடைக்காரரும்தான். மற்றவர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விழுந்தவனும் எழுந்ததும் தன் போன் உடைந்ததா என்று பார்த்தானே தவிர முழங்காலைப் பார்க்கவில்லை. இதைச் சொன்னால் பெருசுக்கு வயிற்றெரிச்சல் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

என் வீட்டில் குடியிருக்கும் ஜோயல் இந்தக் கூட்டத்தில் தனி ரகம். சேரப்பணஞ்சேரியில் எனக்கு லைன் வீடு இருக்கிறது, எல்லாம் சிமெண்ட் ஷீட் போட்டது. முன்பக்க வீடுகளில் வடக்கத்திப் பையன்கள். கடைசி வீட்டில் ஜோயலும் அவன் பெண்சாதி எழிலரசியும். அந்த வீட்டுக்கு மட்டும்தான் பின்பக்கம் உண்டு. ஒரு முருங்கை மரம், துணி துவைக்கிற கல், குளிக்கிற தண்ணீர் போய்த் தேங்கும் சேம்புக் குழி. அதற்கப்புறம் கம்பெனிச் சுவர். சுவருக்கு மேலே முள்கம்பி, முள்கம்பிக்கு மேலே விளக்குக் கோபுரம். அந்தக் கார் கம்பெனியில்தான் ஜோயலுக்கு பெயிண்ட் ஷாப்பில் காண்ட்ராக்ட் வேலை.

வேலை முடிந்து வந்தால் மற்றவன் தூங்குவான். இவன் கேமராவை எடுத்துக்கொண்டு சேம்புக் குழிப் பக்கம் போய் உட்காருவான். கேமராவே பழசு. அதன் மூக்கில் மாட்டியிருந்த லென்ஸ் அதற்கும் பாட்டன். முழுக்க இரும்பும் கண்ணாடியும். கையில் வாங்கினால் எடைக்கல் மாதிரி கனம். மேலே எந்த நாட்டு எழுத்தோ எழுதியிருக்கும். புது லென்ஸ் எல்லாம் தானே பார்த்துத் தெளிவாக்கிக்கொள்ளுமாம். இது செய்யாதாம், கையால்தான் வளையத்தைத் திருக வேண்டுமாம். தானே செய்கிற சாமான் கடையில் இருக்கும்போது செய்யாத சாமானை எவன் வாங்குவான் என்று கேட்டேன். சிரித்தான். திருட்டுச் சாமானாக இருக்கும் என்று எனக்கு அப்போதே ஒரு நினைப்பு.

அவன் படம் எடுக்கிற விதமும் ஒரு தினுசு. ஒரு முட்டியை ஈரத்தில் ஊன்றுவான், மறு முட்டியில் முழங்கையை வைப்பான். வளையத்தை ஒரு தடவை திருகி விட்டுவிடுவான். அதற்குப் பிறகு அதைத் தொடுவதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இவனே முன்னும் பின்னும் நூல் நூலாக ஆடுவான். கண்ணுக்குத் தெளிவாகிற இடம் வந்ததும் அமுக்குவான். சாமி வருவதற்கு முன்னால் ஆடுகிற ஆட்டம் அது. அவன் கும்பிடுகிற சாமிக்கு அந்தப் பழக்கமும் கிடையாது.

ஓணான், தேன்சிட்டு, சேம்பிலை மேல் தவளை என்று எதையும் விடமாட்டான். எல்லாவற்றையும்விடக் கீரி மேல்தான் அவனுக்குப் பைத்தியம். கம்பெனிச் சுவருக்கு அடியில் மழைத்தண்ணீர் போக விட்ட ஓட்டை வழியாக அது சாயங்காலத்தில் வரும். என் வீட்டுக்காரி கோவிந்தம்மா கருவாட்டுத் தலைகளைக் கல்லுக்குப் பக்கத்தில் போட்டுப் பழக்கி வைத்திருந்தாள்.

எனக்குப் படம் என்றாலே ஆகாது. அந்தச் சுவர் நிற்கிற இடத்தில் நான் வேர்க்கடலை போட்டிருந்தேன். கம்பெனிக்கு நிலம் எடுக்கிற சமயத்தில் பயிருக்கு ஈடு கணக்குப் போட ஒருவன் வந்து படம் பிடித்துக்கொண்டு போனான். பிறகு காட்டிய படத்தில் வெறும் மண்ணும் ஒரு வேலிக்காத்தான் செடியும் இருந்தன. கடலை எங்கே என்று கேட்டேன். படத்தில் இல்லையே என்றார்கள். அதோடு பேச்சு முடிந்தது.

கார்த்திகை மாதம், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு நாள். எழிலரசிக்கு ஏழாம் மாதம். போன் கம்பெனியில் நின்றுகொண்டே பார்க்கிற வேலையை டாக்டர் சொன்னதால் விட்டிருந்தாள். அவளும் கோவிந்தம்மாவும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஷிப்டு பஸ் வருகிற நேரத்துக்கு வெகு முன்னாலேயே ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஜோயல் இறங்கினான். கழுத்தில் தொங்குகிற கம்பெனி அட்டை இல்லை. எழிலரசி முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைத்தான் பார்த்தாள். கையில் இருந்த கீரை அப்படியே நின்றது.

நடந்ததை அவன் நின்றபடியே சொன்னான். இன்னும் வெளியே வராத புதுக் கார் ஒன்றை உறை போட்டு மூடி உள்ளே ஓட்டிப் பார்க்கிறார்கள். உறை எடுத்த நேரத்தில் யாரோ அதைப் படம் பிடித்து, அது போனுக்குப் போன் சுற்றிக்கொண்டிருக்கிறது. கம்பெனியில் ஒரே அமளி. சுவருக்குப் பின்னால் மாரி வீட்டில் ஒருவன் எப்போதும் கேமராவோடு உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்டில் நிற்கிற தணிகாசலம் சொல்லியிருக்கிறான். மாரி நான்தான். தணிகாசலம் எங்கள் ஊர்க்காரன், எனக்குத் தம்பி முறை. ஜோயலைக் கூப்பிட்டு எடுத்த படங்களையெல்லாம் கேட்டார்கள். ஒளிக்க என்ன இருக்கிறது என்று இவனும் முழுக்க அனுப்பிவிட்டான். அங்கேதான் மாட்டிக்கொண்டான்.

ஒவ்வொரு படத்துக்குள்ளேயும் எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்று விவரம் ஒட்டிக்கொண்டிருக்குமாம். இவன் படங்களில் லென்ஸ் பேர் இருக்க வேண்டிய இடம் காலி. சுற்றிக்கொண்டிருந்த கார் படத்திலும் அது காலி. இரண்டும் காலி என்றால் இரண்டையும் அழித்தது ஒரே கை என்று முடிவு கட்டி, அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, கூப்பிடுகிறவரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

"நீ அழிச்சியா?" என்றாள் எழிலரசி.

"இன்னாத்த அழிக்கறது? அது பழைய லென்ஸு. அதுக்கும் கேமராக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது. சும்மா மாட்டிகினு கீது. முன்னாடி ஒரு லென்ஸ் கீதுன்றதே கேமராக்குத் தெரியாது."

"தெரியாம எப்பிடி படம் எடுக்கும்?"

"லென்ஸ் இல்லன்னாலும் எடுன்னு அதுல மாத்தி வெச்சிக்கீறேன்."

எனக்குத் தலை சுற்றியது. "இத அங்கியும் சொன்னியா?"

"சொன்னேன் பெரிப்பா."

"அப்ப வேற சாட்சியே வேணாம். லென்ஸே இல்லாம படம் எடுக்கறேன்னு உன் வாயாலியே சொல்ட்டு வந்துக்கீற."

அந்த மாதம் காண்ட்ராக்ட் ஆட்களில் சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள், அதில் இவன் பேரும் இருக்கிறது என்று தீபாவளிக்கே கோவிந்தம்மா கையில் ஸ்வீட் கொடுத்திருந்தாள் எழிலரசி. இரண்டு பேரின் வீட்டிலும் படி ஏற முடியாத கல்யாணம் அது. அவன் பக்கம் மாதா கோயில், இவள் பக்கம் அம்மன் கோயில், இரண்டு பக்கமும் கதவு சாத்தியாகிவிட்டது. இந்த வேலை போனால் பிள்ளையோடு போய் நிற்க ஒரு வாசல் கிடையாது. அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

அந்தக் கேமரா எழவைச் செம்பரம்பாக்கம் ஏரியில் வீசிவிட்டு, என்னிடம் கேமராவே இல்லை என்று சாதி, இதுதான் நான் சொன்ன வழி. ஜோயல் லென்ஸை மடியில் வைத்துத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான். எழிலரசிதான் வாயைத் திறந்தாள்.

"வீசிட்டா நாம எடுத்ததுதான்னு ஆயிடும் பெரிப்பா. எங்க போன் கம்பெனி லைன்ல ஒரு பீஸு கோளாறுன்னு சொன்னா, பேசிகினு நிக்க மாட்டோம். அந்த பீஸையே வெச்சி மறுக்கா டெஸ்ட் போடுவோம். இதையும் அவங்க கண்ணு முன்னாடி எடுத்துக் காட்டட்டும். அப்பவும் காலியா வந்தா இன்னா சொல்லுவாங்க?"

பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "எத்தினி வாட்டி சொன்னேன், புள்ள பொறக்கற வரைக்கும் அத எடுக்காதன்னு. சுவத்துக்கு அந்தாண்ட சோறு போடறவன் கீறான், இந்தாண்ட நீ துப்பாக்கி மாரி நீட்டிகினு குந்திகினுகீற." அன்று இரவு அந்த வீட்டில் அடுப்புச் சத்தம் கேட்கவில்லை.

காலையில் அவனோடு நானும் போனேன். கண் முன்னால் எடுத்துக் காட்டுகிறேன் என்று ராத்திரியே அவன் போன் போட்டதற்கு, கேமராவை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரையும் கூட்டி வா என்று சொன்னார்களாம். கேட்டில் தணிகாசலம் நின்றிருந்தான். வருகிறவன் போகிறவன் போனையெல்லாம் வாங்கி, கேமராக் கண் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பிக் கொடுக்கிற வேலை அவனுக்கு. என் முகத்தைப் பார்க்காமல் ஜோயலின் பையைப் பார்த்தான்.

"கேமரா உள்ள போவக் கூடாது மாரிண்ணா."

"அத கொண்டாரச் சொன்னதே உங்க கம்பெனிதான்டா."

"கொண்டாரச் சொன்னாங்க. உள்ள வுடச் சொல்லலியே."

உள்ளே போன் போட்டான். கேமராவோடு வரச் சொல் என்றார்கள். கேமராவுக்கு அனுமதி இல்லை என்றான் இவன். அப்படியென்றால் வழக்கம்போல ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பு என்று பதில் வந்தது. தணிகாசலம் பெரிய ஸ்டிக்கராகத் தேடி எடுத்துக்கொண்டு வந்தான். ஜோயல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பழைய கண்ணாடி, பசை பட்டால் மேல்பூச்சு போய்விடும் என்றான்.

"ஒட்டிட்டா உள்ள போயி இன்னாத்த எடுத்துக் காட்றது?" என்று நான் கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாதுண்ணா. ஒட்டாம உள்ள போனா என் வேல பூடும்."

"இவன் வேல போனதே உன் வாயாலதான்."

அவன் ஸ்டிக்கரைக் கட்டை விரலில் ஒட்டிக்கொண்டு நின்றான். "சுவத்துக்குப் பின்னால யார்னா கேமரா வெச்சிகினு இருக்காங்களான்னு கேட்டாங்க. கீறாங்கன்னு சொன்னேன். இல்லன்னு சொல்லிட்டு நாளிக்கி மாட்டிகினா, எனக்கு யார்ணா சோறு போடுவா? நீ போடுவியா?" லாரிகள் சேற்றை வாரி எங்கள் மேல் அடித்துக்கொண்டு போயின. ஜோயலோடு வேலை பார்க்கிற பையன்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி, இவனைத் தெரியாத மாதிரி உள்ளே போனார்கள். ஒருவன் மட்டும் கண்ணால் ஏதோ கேட்டான். ஜோயல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெயில் தலைக்கு மேல் வந்த பிறகு செக்யூரிட்டி ஆபீசரே வெளியே வந்தார். சுடலைக்கண்ணு என்று சட்டையில் பேர் குத்தியிருந்தது. பட்டாளத்து மீசை, தெற்கத்திப் பேச்சு. சாமானை உள்ளே விட முடியாது, தானே வருவதாகச் சொன்னார்.

"சாயந்திரம் கம்ப்யூட்டர் பாக்கிற பிள்ளையக் கூட்டிட்டு வாரேன். நீ எங்கன இருந்து எடுத்தியோ அங்கன இருந்தே எடுத்துக் காட்டணும் தம்பி. காட்டிட்டா சரி. காட்டலன்னா நான் எழுதுத எழுத்துல இந்த ரோட்டுல ஒரு கம்பெனியிலயும் உனக்கு வேல கெடைக்காது, பாத்துக்கோ."

அவர் மிரட்டின மாதிரியும் தெரியவில்லை. மழை வரும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

சாயங்காலம் ஆக ஆக குன்றத்தூர்ப் பக்கமிருந்து மேகம் ஏறிக்கொண்டே வந்தது. ஜோயல் நிமிர்ந்து நிமிர்ந்து வானத்தைப் பார்த்தான். வெளிச்சம் குறைந்தால் இந்த லென்ஸின் வாயை முழுக்கத் திறந்துவிட வேண்டும், அப்படித் திறந்தால் ஒரு விரல் அகலம்தான் தெளிவாக விழும், மிச்சமெல்லாம் கலங்கிவிடும் என்றான். புதுச் சாமான் வாங்கியிருந்தால் இந்தக் கஷ்டம் உண்டா என்று கேட்கலாம் என்றிருந்தேன். அவன் வளையத்தைச் சும்மா திருகித் திருகிப் பார்ப்பதைக் கண்டு விட்டுவிட்டேன். கோவிந்தம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். கொல்லையெல்லாம் அந்த வாசம். தலைகளை ஒரு தேங்காய்த் தொட்டியில் எடுத்து எழிலரசியிடம் கொடுத்தாள்.

சுடலைக்கண்ணு வந்ததும் முதல் வேலையாகத் துவைக்கிற கல் மேல் ஏறி நின்று சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். கோபுரமும் ஷெட்டுக் கூரையும்தான் தெரிந்திருக்கும். கூட வந்த கங்கா என்கிற பெண் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டாள். செருப்பு சேற்றில் புதைந்தது, அதை அவள் பொருட்படுத்தவில்லை. முதலில் சும்மா முருங்கை மரத்தை ஒரு படம் எடுக்கச் சொன்னாள். எடுத்தான். கேமராவிலிருந்த கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள்.

"லென்ஸ் இடம் காலியாத்தான் சார் வருது. இவர் சொன்னது கரெக்டுதான். அந்தக் கார் போட்டோ பார்வேர்ட் ஆகி ஆகி விவரம் போயிருக்கும். ரெண்டையும் முடிச்சுப் போட்டது எங்க தப்பு."

எழிலரசி மூச்சு விட்டாள். சுடலைக்கண்ணு விடவில்லை.

"மரத்த எவன் வேணாலும் எடுப்பான். இவன் அனுப்புன கீரிப் படத்த நான் பாத்தேன். மயிரு மயிரா எண்ணலாம். என் மகன் வெலையுள்ள கேமரா வச்சிருக்கான், தானா பிடிக்கும், அவனுக்கே அப்படி விழமாட்டேங்கு. நீ கையால திருகி எடுத்தேங்கிற. நெட்டுல சுட்ட படத்தக் காட்டிட்டு, நெசமா எடுத்தது வேறயா இருந்தா? கீரிய எடு. பாத்துட்டுப் போறேன்."

எல்லோரும் பின்னால் தள்ளி வீட்டுச் சுவரோரம் ஒட்டினோம். ஜோயல் முட்டியை ஊன்றினான். கல்லுக்கு அந்தப் பக்கம் கருவாட்டுத் தலைகள். முன்வீட்டில் யாரோ குக்கர் வைத்து, அது விசில் அடித்தது. இந்த நேரத்தில் அடித்த அந்த விசிலை நான் மனதுக்குள் திட்டினேன். அது அடங்கிச் சற்று நேரம் கழித்து, ஓட்டைக்குள்ளிருந்து முதலில் மூக்கு வந்தது. பிறகு உடம்பு தரையோடு தரையாக வழிந்து வந்தது. ஒரு தலையைக் கவ்வியது. ஜோயல் ஆடினான். படக்கென்று சத்தம். கீரி ஓட்டைக்குள் போய்விட்டது.

கங்கா படத்தைப் பெரிதாக்கினாள். கம்ப்யூட்டரை ஆபீசர் பக்கம் திருப்பினாள். கீரி இருந்த இடத்தில் சாம்பல் புகை மாதிரி ஒன்று. அதற்குப் பின்னால் கம்பெனிச் சுவர், செங்கல் செங்கலாக, பூச்சு உதிர்ந்த இடம்கூடத் தெரிகிற மாதிரி.

"சுவரு நல்லா விழுந்திருக்கு," என்றார் சுடலைக்கண்ணு. "கீரி கலங்கிப்போச்சு. உன் கண்ணு எதுல இருக்குன்னு உன் சாமானே சொல்லுதே தம்பி."

"கை ஆடிப்போச்சி சார். கீரியத் தாண்டிப் பின்னால வுழுந்துடுச்சி. வேணும்னு இல்ல."

"நான் கண்டதத்தான் எழுத முடியும்."

தூறல் ஒன்றிரண்டு விழுந்தது. ஆபீசர் கையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது எழிலரசி முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, சேம்புக் குழி ஓரமாக வழுக்கி வழுக்கி நடந்து போனாள். கோவிந்தம்மா வேண்டாம்மா என்றதைக் கேட்கவில்லை. சிதறிக் கிடந்த தலைகளையெல்லாம் காலால் சேற்றுக்குள் அமுக்கினாள். ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்து, புருஷனுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு இடத்தில் வைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தத் தலையைக் கால் விரலால் இன்னும் ஒரு சாண் அவன் பக்கம் தள்ளினாள். தினமும் அவனைத் திட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தவள்தானே. அவன் எந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்துவான் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நீ ஆடாத. அதும் பின்னால போவாத," என்றாள். "அதுவே உன் எடத்துக்கு வரும்."

கல் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். ஆள் அவ்வளவு கிட்டத்தில் இருந்தால் கீரி எங்கே வரும் என்று நினைத்தேன். தூறல் அவள் தலையில் விழுந்தது, துடைக்கவில்லை. ஜோயலின் முதுகுச் சட்டை ஏறி இறங்குவது நின்றது. கங்கா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆபீசர் மீசையில் இருந்த கை அங்கேயே இருந்தது. ஷிப்டு பஸ் ஒன்று ரோட்டில் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

கீரி வந்தது. எழிலரசியின் காலைப் பார்த்தது. கால் அசையவில்லை. தலை கிடந்த இடத்துக்கு வந்து நிமிர்ந்தது. படக்.

கங்கா பார்த்தாள். பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள். "சார்" என்று மட்டும் சொன்னாள். சுடலைக்கண்ணு குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். மீசை மயிரும் கீரி மயிரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"நாளைக்கு முதல் ஷிப்டுக்கு வா," என்றார். "பெர்மனண்டு எல்லாம் ஆபீஸ்காரன் பாடு, அது எனக்குத் தெரியாது. என் ரிப்போர்ட்ல உன் பேரு கெடாது. இனிமே சாமானச் சுவருப் பக்கம் திருப்பப் பிடாது."

"கீரி அந்தப் பக்கமிருந்துதான் சார் வருது."

"அதுகிட்ட சொல்லி வையி."

அவர்கள் போன பிறகும் எழிலரசி கல்லைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஜோயல் பக்கத்தில் போய் நின்றான். அவள் கோவிந்தம்மாவைப் பார்த்து, குழம்பு இருக்குதா பெரிம்மா, சோறு போடுங்க என்றாள். நேற்று மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லையாம். மழைக்குத் தட்டின் மேல் முந்தானையைப் போட்டுக்கொண்டு அங்கேயே சாப்பிட்டாள்.

அந்தக் கார் படத்தை எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. அதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதும் இல்லை. ஜோயல் வேலைக்குப் போகிறான். நிரந்தரமாக்குகிற பட்டியல் தை மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறதாம். நிஜமோ பொய்யோ.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தான். நம்ம வீட்டுக் கீரி, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றான். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கீரியின் கண் ஈரமாக என்னையே பார்த்தது. மூக்கின் மேல் ஒரு தூறல் துளி. அதற்குப் பின்னால் பச்சையும் மண் நிறமுமாக ஏதோ கரைந்து கிடந்தது. வயல் என்றால் வயல், ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை.

"சுவரு எங்கடா?"

"அங்கியேதான் கீது பெரிப்பா. லென்ஸ முழுசா தொறந்துட்டா பின்னால கீறதெல்லாம் கரைஞ்சிடும். அதான் இதுல விசேஷமே. நல்லா கீதில்ல?"

"சுவரே இல்லாத மாரி கீது."

"அதுக்குத்தான் பெரிப்பா இவ்ளோ பாடு."

நான் படத்தை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். "இருந்த கடலைய இல்லன்னு காட்டுச்சி ஒரு படம். இருக்கற சுவத்த இல்லன்னு காட்டுது இது. ரெண்டும் ஒரே சாமான்தான் போ."

அவன் ஏதோ விளக்கம் சொல்ல வந்தான். நான் நிற்கவில்லை. சேம்புக் குழியைச் சுற்றிக்கொண்டு போய்ச் சுவர் மேல் கையை வைத்துப் பார்த்தேன். ஈரமாக, சொரசொரப்பாக, இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் ஓரமாகவே நடந்து ரோட்டுக்கு வந்துவிட்டேன்.